ஒரு பச்சையும் தெரியாத தரை

மர்சூக் முதலாளி மௌத்தான பிறகு அவருடைய புல்தரையில் எந்த ஆம்பிளையின் காலும் படவில்லை. அதனாலேயே அது காடாகிப் போயிற்று.

வீடு அம்பிட்டிய ரோட்டில், வாவியை விட்டு மேலே ஏறும் திருப்பத்தில் இருந்தது. யாரோ ஒரு வெள்ளைக்காரர் ஆசையாகக் கட்டி, வயதானதும் விற்றுவிட்டுக் கப்பல் ஏறியிருந்தார். கொழும்பு வீதியில் பாக்கு மொத்தக் கடை வைத்திருந்த மர்சூக், சுவரையும் கூரையையும் பார்க்காமல் முன்னால் விரிந்து கிடந்த அந்தப் பச்சையைப் பார்த்தே விலை பேசினார் என்று சொந்தக்காரர்கள் கேலி செய்வார்கள். தோட்டக்காரர் செல்லச்சாமி புல் வெட்டும் தள்ளு மெஷினை உருட்டிக்கொண்டு வந்தால் முதலாளி சாரத்தை மடித்துக் கட்டிக்கொண்டு கூடவே நடப்பார். சாயங்காலத்தில் செருப்பைக் கழற்றிவிட்டு அதில் நடப்பதுதான் அவருக்கு இருந்த ஒரே கெட்ட பழக்கம்.

அந்த வருஷம் காய்ச்சல் வருஷம். கேகாலைப் பக்கம் ஊர் ஊராகப் படுத்துக் கிடந்தது. பாக்கு வாங்கப் போன மர்சூக் வண்டியிலிருந்து இறங்கும்போதே நடுங்கினார். கொயினா மருந்து கைகொடுக்கவில்லை. ஜனவரி பிறந்த கையோடு அடக்கம் நடந்தது. அன்றைக்கே அவர் மனைவி றபீகா வெள்ளைச் சேலை உடுத்து முன்னறையில் இத்தா இருக்கத் தொடங்கினாள். நாலு மாதமும் பத்து நாளும் அவள் அந்நிய ஆம்பிளையின் கண்ணில் படக்கூடாது. செல்லச்சாமியை அனுப்பிவிட்டார்கள். படலை ஓரமாகக் கிடுகு கட்டி ரோட்டை மறைத்தார்கள். புருஷனுடைய அண்ணன் பாரூக்கும் அந்நிய ஆம்பிளைதான். அவர் கம்பளையிலிருந்து வரும்போதெல்லாம் பக்கத்து ஒழுங்கையால் சுற்றிக் குசினி வாசலால் நுழைந்து, திரைக்கு அந்தப் பக்கம் கதிரை போட்டு உட்கார்ந்துதான் பேசுவார்.

"றபீகா, கேக்குதா?"

"கேக்குது மச்சான்."

"இந்த ஊட்ட இப்பிடி வெச்சிக்கிட்டு ஈக்க ஏலா புள்ள. கடையும் முந்தி மாதிரி இல்ல. பேங்க் தொர ஒருத்தர் வாடகைக்கு ஊடு தேடுறாராம். நல்ல எடம். நாங்க குடுத்துருவோம்."

"நாங்க எங்க போற?"

"என்ன கேள்வி இது? கம்பளைக்கித்தான். பின்னால ரெண்டு ரூம் சும்மா ஈக்கி. என்ட பொஞ்சாதிக்கும் ஒரு கை ஒதவியா ஈக்கும்."

"மகள் பாயிஸாட ஸ்கூல்?"

"பொம்புளப் புள்ளைக்கி இவ்வளவு படிச்சது காணாதா?"

பாரூக் கெட்டவர் அல்ல. தம்பியின் மையத்துக்கு முன்னால் நின்று குழந்தை மாதிரி அழுதவர். ஆனால் றபீகா கம்பளை வீட்டில் ஒரு நோன்பு மாதம் முழுவதும் இருந்து பார்த்தவள். பாரூக்கின் மனைவி றலியாவின் இடுப்பில் ஒரு சாவிக்கொத்து தொங்கும். அலுமாரிக்கு ஒரு சாவி, அரிசிப் பெட்டிக்கு ஒரு சாவி. உப்புப் பேணிக்குக்கூட ஒரு சின்னப் பூட்டு. கஞ்சிக்கு உப்புப் போதாவிட்டால் அவளைத் தேடிப் போய் நிற்க வேண்டும். அப்போது விருந்தாளியாக நின்றாள். இனிமேல் போனால் சாகிற வரைக்கும் நிற்க வேண்டும்.

"தொரட மனுசிக்கி ஊட்ட விட புல்தரைதான் முக்கியமாம்," என்றார் பாரூக். "கதிர போட்டு தேத்தண்ணி விருந்து வெப்பாங்களாம். அவ வந்து பாக்குறதுக்கு முந்தி அத சரியாக்கணும். ஆம்புளையள உள்ளுக்கு எடுக்கவும் ஏலா, ஊர் கதைக்கும். உம்மா, யாரும் ஒரு பொம்புளைய புடிங்க."

உம்மா என்றது ஆஸியா உம்மாவை. மகனை இழந்த கிழவி. இரண்டு கண்ணிலும் படலம். ஆனால் காது மட்டும் கோழிக்கூட்டுக்குள் கீரி நுழைவதையும் கேட்கும்.

அவர் பிடித்த பொம்பிளை வேலாயி. கீரைக் கூடையைத் தலையில் வைத்துக்கொண்டு படி படியாக ஏறி இறங்கிக்கொண்டிருந்தவள். பன்விலப் பக்கத்துத் தோட்டம் ஒன்றில் பிறந்து வளர்ந்தவள். தேயிலை விலை விழுந்தபோது தோட்டத்தில் ஆள் குறைத்தார்கள். அவள் புருஷன் கறுப்பையா, கடலுக்கு அந்தப் பக்கம் சொந்த ஊரில் காலூன்றிக்கொண்டு கூப்பிடுகிறேன் என்று மண்டபத்துக்குக் கப்பல் ஏறினான், கூப்பிடவில்லை. ஆம்பிளை இல்லாதவளுக்குத் தனிக் காம்பரா அறை எதற்கு என்று அதையும் வேறு குடும்பத்துக்குக் கொடுத்துவிட்டார்கள்.

ஆஸியா உம்மா வாசற்படியில் நின்று கையை வீசிக் காட்டினார்.

"இந்தா புள்ள, எனக்கு கண் வெளங்காது. கோர, தொட்டாச்சிணுங்கி, நாயுருவி எல்லாம் மண்டிக் கெடக்காம். ஒண்டும் ஈக்கப்படாது. தொரமாருக்கு காட்டுற எடம்."

"பண்ணிருவோம் பெரியம்மா. பத்து வயசுலருந்து சொரண்டி புடிச்ச கையி. தொர வந்து பூதக்கண்ணாடி வச்சுப் பாத்தாலும் குத்தம் சொல்ல முடியாது."

"வாய் நீளம் ஒனக்கு."

"வாயி நீளமில்லாட்டி கீர விக்க முடியுங்களா?"

றபீகா அறைக்குள்ளிருந்து சிரித்தாள். சாய்பலகை வைத்த அந்த ஜன்னலின் இடுக்கு வழியாகத்தான் அவள் இத்தனை நாளும் உலகத்தைப் பார்த்தாள். உலகம் என்றால் புல்தரை, கிடுகு வேலி, அதற்கு மேலே மூடுபனி ஏறி இறங்கும் மலை.

வேலாயி சேலையைத் தூக்கிச் செருகிக்கொண்டு குந்தினாள். சாக்கை முழங்காலுக்குக் கட்டிக்கொண்டாள். இடது கை செடியின் கழுத்தைப் பிடிக்க, வலது கைச் சுரண்டி வேரின் கீழே போய் ஒரு வெட்டு வெட்டி மண்ணை உதறும். சரக், சரக் என்று ஒரே தாளம். தொட்டாச்சிணுங்கி முள் கையைக் கீறினால் எச்சிலைத் தொட்டுத் தடவிக்கொள்வாள். கோரை வந்தால் சுரண்டியை வைத்துவிட்டு மண் கிளறும் இரும்பு முள்ளை எடுத்துக் குத்தி, பாசிமணி கோத்ததுபோல் வரும் கிழங்கைக் கடைசி மணி வரைக்கும் இழுத்து ஒரு தகரத்தில் போடுவாள். வல்லாரையும் பொன்னாங்காணியும் தனியாகக் கூடைக்குப் போயின.

மத்தியானம் தாண்டியபோதுதான் றபீகாவுக்கு விளங்கியது. வேலாயி இருந்த மூலையில் களை இல்லை. புல்லும் இல்லை. ஒரு பெரிய பாய் அளவுக்குச் செம்மண் சிவப்பாகத் தெரிந்தது.

பிழை வேலாயியின் கையில் இல்லை, பழக்கத்தில் இருந்தது. மலையில் தேயிலைச் செடிகளுக்கு நடுவே எதுவும் பச்சையாகத் தெரியக்கூடாது. கங்காணி பின்னாலேயே நடந்து வருவார். ஓர் இலை கண்ணில் பட்டாலும் அரை நாள் கூலிக்கு அரைப் பேர்தான் போடுவார். தேயிலை அல்லாத பச்சை எல்லாம் களை. புல்லை வேண்டுமென்றே வளர்த்து அதன்மேல் கதிரை போட்டு உட்காருகிற ஆட்களின் பங்களா வேலிக்குள் அவள் ஒரு நாளும் போனதில்லை. செல்லச்சாமி வெட்டிப் பராமரித்த காலத்தில் இந்தத் தரையையும் அவள் பார்த்ததில்லை. இப்போது எல்லாம் இடுப்பளவு ஒரே காடு.

"வேலாயி!"

வேலாயி ஜன்னல் பக்கம் திரும்பினாள். நெற்றி வேர்வையை முழங்கையால் துடைத்தாள்.

"என்னங்கம்மா?"

புல்லை விடு, களையை மட்டும் எடு. இவ்வளவுதான் சொல்ல இருந்தது. றபீகாவின் வாய் திறந்தும் விட்டது. அந்த நேரத்தில் அவள் கண் சிவப்பு மண்ணிலேயே நின்றது. ஒரு பாய் அளவு. நாளைக்கு ரெண்டு பாய். இப்படியே போனால் முழுத் தரையும். புல்தரைக்கு ஆசைப்பட்டு வருகிற துரைசாணி வாசலில் நின்று பார்ப்பாள், முகத்தைச் சுளித்துக்கொண்டு திரும்பிப் போவாள்.

"ஒண்டுமில்ல. நல்லா ஈக்கி. இப்பிடியே செய்."

வேலாயியின் முகம் மலர்ந்தது. "கங்காணி வாயிலருந்துகூட இந்தச் சொல்லு வந்ததில்லீங்கம்மா," என்று சொல்லிவிட்டு மறுபடியும் குந்தினாள்.

அதற்குப் பிறகு மத்தியானச் சாப்பாடு ஜன்னலுக்கு உள்ளேயும் வெளியேயுமாக நடந்தது. றபீகா ஒரு கோப்பையில் சோறும் பருப்பும் வைத்து அனுப்புவாள். வேலாயி தன் துணி முடிச்சிலிருந்து ரொட்டியும் மிளகாய்ச் சம்பலும் எடுப்பாள். சம்பலில் கொஞ்சத்தை இலையில் வைத்து இடுக்கு வழியாக நீட்டுவாள்.

"ஒறைக்கும்மா. பாத்து."

"அல்லாஹ்வே! இது சம்பலா நெருப்பா?"

"மலையில குளுருக்கு இதாம்மா போர்வ." கொஞ்ச நேரம் மென்றாள். "உள்ளாறயே இருக்கீங்களே, மூச்சு முட்டல?"

"எங்கட மார்க்கம் அப்பிடி. முடிஞ்சிரும்."

"முடிஞ்சா வெளிய வந்துருவீங்க. எனக்கு அப்பிடி ஒரு கணக்கு யாரும் சொல்லலீங்களே." அவள் அதைச் சிரித்துக்கொண்டுதான் சொன்னாள். "ஆனா இப்ப ஒரு வழி தெறந்திருக்கு. தரை தொரசாணிக்குப் புடிச்சுப் போனா என்னையே தோட்டத்துக்கு வச்சுக்கச் சொல்றேன்னு கம்பளை முதலாளி சொல்லியிருக்காரு. பின்னால வெறகு போடுற காம்பரா இருக்கில்ல? அது எனக்கு. கதவுக்கு உள்பக்கம் தாப்பா இருக்கும்மா. நேத்தே போட்டுப் பாத்தேன்."

றபீகா கையிலிருந்த சோற்றை வாய்க்குக் கொண்டுபோகவில்லை.

"புடிக்காட்டி?"

"புடிக்காட்டி அன்னிக்கே கூடையத் தூக்கச் சொல்லியிருக்காரு. ஏன் புடிக்காது? நீங்கதான் பாக்குறீங்களே."

அன்று சாயங்காலம் றபீகா அறைக்குள் சுவருக்குச் சுவர் நடந்தாள். இவளைக் காப்பாற்றினால் நான் கம்பளைக்குப் போக வேண்டும். நான் தப்பினால் இவள் தெருவுக்குப் போக வேண்டும். மூன்றாவதாக ஒரு கதவு எங்காவது இருக்கிறதா என்று தேடினாள். அந்த அறைக்கு ஒரே ஒரு கதவு. அதிலும் திரை.

ஒரு கிழமை கழித்து ஆபத்து ஆஸியா உம்மாவின் கால் வழியாக வந்தது. காலைத் தொழுகை முடித்து, தஸ்பீஹ் மணியை உருட்டிக்கொண்டே படியிறங்கித் தரையில் காலை வைத்தவர் அப்படியே நின்றார்.

"றபீகா!"

"என்ன மாமி?"

"கால்ல மண் படுது. என்ட மகன்ட புல் எங்க?"

வேலாயி அப்போது பின்பக்கம் குப்பை எரித்துக்கொண்டிருந்தாள். இடுக்கு வழியாக மாமியின் வெறுங்கால் தெரிந்தது. விரல்கள் மண்ணைத் துழாவின. இப்போதும் ஒன்றும் கெட்டுவிடவில்லை. பாதித் தரையில் இன்னும் புல் நின்றது. உண்மையைச் சொன்னால் வேலாயி கொஞ்சம் ஏச்சு வாங்குவாள். மிச்சப் புல் தப்பும்.

"கீழ்ப்புல் அழுகிப் போயி மாமி," என்றாள் றபீகா. "அத எடுத்தாத்தான் புதுசா வருமாம். செல்லச்சாமியும் அப்பிடித்தான் செய்வாரு."

"செல்லச்சாமியா? எனக்கு ஞாபகமில்லியே."

"நீங்க அப்ப கம்பளையில ஈந்தீங்க."

கிழவி குனிந்து ஒரு பிடி மண்ணை அள்ளி உதிர்த்தார். பிறகு, "அவன் வெறுங்காலோட நடந்த எடம்," என்று மட்டும் சொல்லிவிட்டுப் படியேறினார்.

பகல் வெயிலும் பின்னேர இடியுமாக மழை பிடித்தது. முதல் மழையிலேயே வெறுந்தரையின் மண் கரைந்து படலைப் பக்கம் சிவப்பாக ஓடியது. றபீகா இடுக்கில் கண்ணை வைத்துக்கொண்டு அதையே பார்த்தாள். ஓடட்டும் என்று நினைத்தாள். குழி விழட்டும், சேறாகட்டும்.

வேலாயி விடவில்லை. சாக்கைக் கொங்காணியாகத் தலையில் மாட்டிக்கொண்டு மழையிலேயே இறங்கினாள். மேட்டுப் பக்கமாக வாய்க்கால் போல ஒரு கான் வெட்டி வெள்ளத்தை ஒழுங்கைக்குத் திருப்பினாள். மழை விட்டதும் ஓடிப்போன மண்ணை அள்ளிக்கொண்டு வந்து பள்ளங்களில் கொட்டினாள். ஒரு மரக்கட்டைக்குப் பிடி செதுக்கி, தரையை அடி அடி என்று அடித்து இறுக்கினாள். கைத்தோல் உரிந்து துணி சுற்றியிருந்தாள்.

"போதும் வேலாயி. இவ்வளவு எதுக்கு?"

"மழைக்கு மண்ணு ஓடுனா கங்காணி கொன்னுருவாரும்மா."

"இங்க எந்தக் கங்காணி?"

வேலாயி யோசித்துப் பார்த்தாள். "ஆமால்ல," என்றாள். அடிப்பதை நிறுத்தவில்லை.

துரைசாணி வந்த காலை வானம் வெளுத்திருந்தது. பொம்பிளை என்பதால் அவள் மட்டும் கிடுகு வேலியைத் தாண்டி உள்ளே வந்தாள். பாரூக் ரோட்டிலேயே நின்றார். ஆஸியா உம்மா வாசற்படியில் கையைக் கட்டிக்கொண்டு நின்றார். விறகுக் காம்பராவின் மூலையில் வேலாயி, கழுவிய முகமும் வாரிய தலையுமாக.

துரைசாணி ஒரு நெட்டை. கையில் மடக்கிய குடை. இரண்டு அடி வைத்தவள் நின்றாள். குனிந்தாள். நிமிர்ந்தாள். துரைசாணி சப்பாத்துக் குதியால் தரையை ஓங்கி ஒரு குத்துக் குத்தினாள். பிறகு ஒரு கோடியிலிருந்து மறு கோடிக்கு எட்டு எட்டாக வைத்து நடந்தாள். அங்கே திரும்பி நின்று குடையை இரண்டு கையாலும் பிடித்து, கோபம் வந்தவள் மாதிரி காற்றில் ஒரு வீச்சு வீசினாள். வேலியைப் பார்த்து இங்கிலீசில் உரக்க என்னவோ சொன்னாள். பாரூக்கின் பதில் கேட்கவில்லை. வீட்டுக்குள் எட்டிக்கூடப் பார்க்காமல் அவள் போய்விட்டாள். மோட்டார் இரைந்துகொண்டு சரிவில் இறங்கியது.

முடிந்தது என்று றபீகா கட்டிலில் உட்கார்ந்தாள். வேலாயியின் முகத்தைப் பார்க்காமல் இருக்க ஜன்னலுக்கு முதுகைத் திருப்பிக்கொண்டாள்.

பாரூக் குசினிப் பக்கமாக ஓடிவந்தார். கதிரையில் உட்காரவில்லை.

"றபீகா! கேக்குதா? ஊடு வாடகைக்கி போயிட்டு!"

"என்ன சொன்னாங்க மச்சான்?"

"புல்தரை கேட்டது தொரதானாம். இவக்கி வேண்டியது டென்னிஸ் அடிக்கிற கோர்ட்டாம். எங்க போனாலும் புல்ல தோண்டி, மண்ண மட்டமாக்கி, அடிச்சி இறுக்க மாசக்கணக்கா போகுமாம். இங்க எல்லாம் ரெடியா ஈக்காம். யார் செஞ்சதுண்டு கேட்டா. கான் வெட்டுனதுக்கே ஒரு தரம் கைய தட்டினா! அல்ஹம்துலில்லாஹ். வாற மாசம் மொதலாந் தேதி வாற. இத்தா முடிஞ்ச கையோட வண்டி அனுப்புற, சாமான கட்டி வைங்க. ஸ்கூலுக்கு நானே போயி சொல்லுற."

"உம்மா, நீங்க புடிச்ச பொம்புள கெட்டிக்காரி," என்று ஆஸியா உம்மாவிடம் சொல்லிக்கொண்டே அவர் போனார்.

பின்னேரம் வேலாயி ஜன்னலுக்கு வந்தாள். இலையில் இரண்டு வாழைப்பழம்.

"எடுத்துக்குங்கம்மா. காம்பரா சாவி குடுத்துட்டாங்க. நீங்க மட்டும் மொத நாளே ஒரு வார்த்த தப்பாச் சொல்லியிருந்தா என் கையி அப்பவே நடுங்கிப் போயிருக்கும்."

றபீகா பழத்தை வாங்கவில்லை.

"வேலாயி, நீ செஞ்சது பிழ."

"என்னங்கம்மா?"

"புல்ல எடுக்கப்படாது. களைய மட்டும்தான் எடுக்கணும். மொத நாள் மத்தியானமே நான் கண்டுட்டன். கண்டும் நல்லா ஈக்குண்டு சொன்னன். தரை பாழாப்போனா ஊடு போகாதுண்டு நெனச்சன். மாமிக்கும் பொய் சொன்னன்."

வேலாயி பழத்தை ஜன்னல் கட்டையில் வைத்தாள். வெகுநேரம் தன் உரிந்த உள்ளங்கையைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"அப்பன்னா என்னைய வெரட்டியிருப்பாங்களே."

"ஓ."

"தெரிஞ்சேவா?"

"தெரிஞ்சேதான்."

வாவிப் பக்கத்திலிருந்து குளிர்ந்த காற்று ஏறி வந்தது. வேலாயி திட்டுவாள் என்று றபீகா காத்திருந்தாள். திட்டியிருந்தால் நன்றாக இருந்திருக்கும்.

"ஒரு வார்த்த எங்கிட்ட சொல்லக் கூடாதாம்மா?" என்றாள் வேலாயி கடைசியில். குரலில் கோபம் இல்லை. சுரண்டியைத் தீட்டும்போது வரும் அதே நிதானம். "கோரக் கெழங்கப் பிடுங்காம துண்டு துண்டா நறுக்கி மண்ணுக்குள்ள விட்டா ஒண்ணு பத்தாகும், பத்து நூறாகும். மலையில வேல தீரக் கூடாதுன்னா நாங்க அப்பிடித்தான் பண்ணுவோம், கங்காணிக்கே தெரியாது. வருசம் பூரா புடுங்கிக்கிட்டே இருந்திருப்பேன். எந்தத் தொரையும் வந்திருக்க மாட்டான். நீங்களும் இங்க இருந்திருப்பீங்க. நானும் இருந்திருப்பேன்."

றபீகா இடுக்குப் பலகையை இரண்டு கையாலும் பிடித்தாள்.

"இப்ப ஏலாதா வேலாயி?"

"எதை வச்சும்மா? ஒரு கெழங்கு விடாம பொறுக்கி எரிச்சுட்டேன்." அவள் கூடையை எடுத்து இடுப்பில் வைத்துக்கொண்டாள். "நீங்கதானே நல்லா இருக்குன்னீங்க."